கம்பிக்கு அக்கட்ட நிக்கிறவ

வாங்க சார், இப்படி உக்காருங்க. அந்தப் பெஞ்சு ஈரமா இருக்குது, இங்க வாங்க. உங்க பசங்க ரெண்டும் இப்பத்தானுங்களே இந்தக் கம்பியில தொங்கிக்கிட்டுப் பள்ளத்தைத் தாண்டிப் போச்சு? பாத்தேன். பெரியவன் கண்ணை மூடிக்கிட்டே போனான், சின்னவ கையை விட்டுப்போட்டுக் கத்திக்கிட்டுப் போனா. கவலைப்படாதீங்க. அக்கட்ட எறங்குனா ஜீப்புல ஏத்திக் காப்பித் தோட்டத்தைச் சுத்திக் கொண்டாந்து விட்டுருவாங்க. கொஞ்ச நேரம் ஆகும்.

நானா? நான் போவேனுங்க. போறதுக்குத்தான் வந்திருக்கேன். இந்தாங்க டிக்கெட்டு. இடுப்புல பெல்ட்டுகூட மாட்டியாச்சு, பாருங்க. ராகு காலம் ஓடிக்கிட்டிருக்குது, அது போகட்டும்னு உக்காந்திருக்கேன். நாங்க வந்தப்ப குளிகை. குளிகையில ஒண்ணைப் பண்ணுனா திரும்பத் திரும்ப அதையே பண்ண வேண்டி வரும்பாங்க. எனக்கு இது ஒருக்கா போதும். ஒருக்கா போய் அவ வாயை அடைச்சுப்போட்டாப் போதும்.

அவ யாருன்னா, அதோ, பள்ளத்துக்கு அக்கட்ட அந்த மரமேடை மேல மஞ்சச் சீலை தெரியுது பாருங்க. அதான் என்ற சம்சாரம், பாவாயி. குளிகையும் பாக்கலை, ராகுவும் பாக்கலை. வந்ததும் முத ஆளாப் போய் அங்க நின்னுக்கிட்டா. ஜீப்பு ரெண்டு தாட்டி வந்து கூப்புட்டும் ஏறலையாம். 'எங்க ஊட்டுக்காரரு வருவாரு, சேந்து வர்றேன்'னாளாம். இந்தப் பெல்ட்டு மாட்டற அம்மிணிக்குப் போன்ல அங்கிருந்து சொல்றாங்க. எனக்கு எவ்வளவு அவமானம் பாருங்க.

தம்பி, நீங்க போங்க, நீங்க போங்க. நான் சார்கூடப் பேசிக்கிட்டிருக்கேன்.

நீங்க சங்ககிரிப் பக்கம் வந்திருக்கீங்களா? எங்க ஊர்ல வந்து குழந்தைவேலுன்னு கேட்டா எந்தக் குழந்தைவேலும்பாங்க. பறவைக் காவடி குழந்தைவேலுன்னு கேளுங்க. வண்டியில ஏத்தி ஊட்டு வாசல்ல கொண்டாந்து விடுவாங்க. லாரிக்குப் பாடி கட்டற பட்டறையில நான் வெல்டர். வருசம் பூராவும் அதான். பங்குனி உத்திரத்தன்னிக்கு மட்டும் நான் வெல்டர் இல்லீங்க.

பறவைக் காவடி பாத்ததில்லையா? முதுகுத் தோல்ல, தொடையில, கெண்டைக்கால்ல கொக்கி மாட்டுவாங்க. மாட்டி, கிரேன்ல கட்டித் தூக்கி விட்டுருவாங்க. குப்புறத் தொங்கிக்கிட்டு ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு, ஊரைச் சுத்திக் கோயில் வரைக்கும் போவணும். பதினாலு வருசமாப் போறேன். கீழ இருந்து கைப்புள்ளைங்களைத் தூக்கிக் குடுப்பாங்க. தொங்கிக்கிட்டே வாங்கி நெத்தியில திந்நீறு வெச்சுத் திருப்பிக் குடுப்பேன். அன்னிக்கு எங்கிட்டத் திந்நீறு வாங்குன புள்ளைங்க இன்னிக்குப் பத்தாவது படிக்குதுங்க. ரோட்டுல பாத்தா 'சாமி'ன்னு கும்புடும்.

வலிக்காதான்னா கேக்கறீங்க? எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க. தூக்கற வரைக்கும் வலிக்கும். கால் தரையை விட்டுப் போச்சுன்னா ஒண்ணும் தெரியாது. அதுக்குப் பேரு வலியில்லை. அதைச் சொல்ல முடியாதுங்க.

அப்பேர்ப்பட்ட ஆளை இந்தக் கம்பி என்ன பண்ணிப்போட்டுது கேளுங்க.

போன தீபாவளி எம்பொண்ணுக்குத் தலைத்தீபாவளி. கோகிலா, எங்களுக்கு ஒரே புள்ளை. மாப்பிள்ளைக்குப் பெங்களூர்ல வேலை. மறுநாள் 'வாங்க மாமா, ஏற்காடு போயிட்டு வரலாம்'னாரு. சரி, படகுல போவோம், மொளகா பஜ்ஜி தின்போம், வந்துருவோம்னு கெளம்புனேன். அவரு நேரா இங்க கொண்டாந்து வண்டியை நிறுத்துனாரு. கம்பியைக் காட்டி, 'மாமா, கிரேன்ல தொங்கற உங்களுக்கு இதெல்லாம் சும்மா'ன்னாரு. மூணு டிக்கெட்டு எடுத்தாரு. பாவாயி தனக்கு வேண்டாம்னுட்டா. செருப்பையும் பையையும் பாத்துக்கறேன்னு இதே பெஞ்சுலதான் உக்காந்திருந்தா.

எனக்கும் சும்மான்னுதான் பட்டுது. மேடைக்குப் போற வரைக்கும் மாப்பிள்ளை தோள்ல கையைப் போட்டுக்கிட்டு, ஒடம்பை எப்படித் தளத்தணும், மூச்சை எப்படி விடணும்னு நான்தான் அவருக்குச் சொல்லிக் குடுத்தேன். கோகிலா போனா. மாப்பிள்ளை போனாரு. அடுத்து நான். நுனிக்குப் போய் நின்னேன்.

நின்னேன். அவ்வளவுதானுங்க. பொறவு நகரலை.

பயம்னு நெனைக்காதீங்க. பயந்தவனா இருந்தா பதினாலு வருசம் தொங்குவனா? காரணம் இருக்குதுங்க. முந்தின நாள் தீபாவளிக் கறி வயித்துல. கறி தின்ன வயித்தோட எவனாவது தரையை விட்டுக் காலை எடுப்பானா? நான் ஒரு மண்டலம் கவுச்சி தொடாம, பாயில படுக்காம, ஒருவேளைச் சோறு தின்னு மேல ஏறுறவன். அப்பறம் இந்தக் கம்பி, நல்லாப் பாருங்க, தெக்கால போவுது. தெக்கத் திக்குப் பாத்து யாருங்க பறப்பாங்க? அதையெல்லாம் விடுங்க. இந்தக் கொக்கியை நம்பச் சொல்றாங்க. தோல்ல மாட்டுன கொக்கியை நான் நம்புவேன். அது என்ற தோலு, புடிச்சுக்கும். பெல்ட்டுல மாட்டுன கொக்கியை என்னத்தை வெச்சு நம்பறது?

இதையெல்லாம் அன்னிக்கு அந்த அம்மிணிகிட்டச் சொல்ல முடியுமா? 'ஐயா, போறீங்களா, எறங்கறீங்களா? பின்னால ஆளு நிக்குது'ங்குது. நான் அந்தத் தூணைப் புடிச்சிருந்தேன். கட்டிப் புடிச்சிருந்தேன்னு ஊர்ல சொல்றாங்க. புடிச்சிருந்தேன், அவ்வளவுதான்.

அப்பத்தான் பாவாயி பெஞ்சைவிட்டு எந்திரிச்சு வந்தா. 'டிக்கெட்டு எதுக்குங்க வீணாப் போவணும்'னா. பையையும் செருப்பையும் எங்கையில குடுத்தா. அம்மிணி ஒரு பேண்ட்டைக் குடுத்துச்சு, அதை உள்ள போட்டுச் சீலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டா. நானே அவ சும்மா வெளையாட்டுக்குப் பண்றான்னுதான் நெனச்சேன். நுனியில நின்னவ என்னைத் திரும்பிக்கூடப் பாக்கலீங்க. சர்ருன்னு போயிட்டா. நான் பையோட நிக்கிறேன். பதினாலு வருசத்துல முதத் தாட்டி அவ மேல, நான் கீழ.

அக்கட்ட மாப்பிள்ளை போனைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாரு, மாமா பறந்து வர்றதை வீடியோ எடுக்க. மாமா வரலை, அத்தை வந்து எறங்குனா. அந்த வீடியோதான் சார் ஊரெல்லாம் சுத்துது. பட்டறையில பசங்க அதை ஸ்டேட்டஸ்ல வெச்சானுங்க. தூரத்துல பொட்டாட்டம் ஒரு உருவம் தூணைப் புடிச்சுக்கிட்டு நிக்குது, அதான் நானு.

அதுகூடப் போச்சாதுங்க, பரவாயில்லை. ஜீப்புல திரும்பி வந்து எறங்குனா பாருங்க, அவ மொகத்தை நான் அப்படிப் பாத்ததே இல்லை. கலியாணத்தன்னிக்குக்கூட இல்லை. நான் நீட்டுன செருப்பைக்கூட வாங்கலை. எங்கிட்ட வந்து நின்னு கேட்டா. 'ஏனுங்க, இதுதானா? இத்தனை வருசமா மேல இருந்து நீங்க பாத்தது இதுதானா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே'ன்னா.

அது எப்படி இதாகும்? அது சாமி காரியம், இது டிக்கெட்டு. ரெண்டும் ஒண்ணாங்க? நீங்களே சொல்லுங்க. மலையெறங்கற வரைக்கும் ஜன்னல் வழியா வெளியே பாத்துக்கிட்டே வந்தா. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

சொல்லப்போனா, அந்த வேண்டுதலே அவளோடதுதான். கோகிலாவுக்குச் சின்ன வயசுல இழுப்பு வரும். பள்ளிக்கூடத்துல விழுந்துருவா, பல்லுக் கிட்டிக்கும். பாக்காத வைத்தியமில்லை. பாவாயிதான் கோயில்ல விழுந்து, புள்ளைக்கு நல்லாயிட்டா மூணு வருசம் பறவைக் காவடி எடுக்கறேன்னு வேண்டிக்கிட்டா. பொம்பளை எப்படிங்க கிரேன்ல தொங்கறது? எங்க ஊர்ல அது வழக்கமில்லை. அதனால நான் எடுத்துக்கிட்டேன். வேண்டுனது அவ, தொங்குனது நான். புள்ளைக்கு நல்லாயிருச்சு. மூணு வருசம் முடிஞ்சதும் அவ நிறுத்திக்கலாம்னா. நான்தான் விடலை. ஊரே தலைக்கு மேல கையைத் தூக்கிக் கும்புடுது, அதை நடுவுல விட்டுப்போட முடியுங்களா?

என்ன கேட்டீங்க? அவளா? அவ சும்மா கீழ நடந்து வருவா. கிரேனோட. ரோட்டுல நடக்கறது ஒரு வேலையாங்க? யாராவது ஒரு ஆளு கீழ வரணும், அது வழக்கம். தொங்கறவன் மொகத்தைப் பாத்துக்கிட்டே வரணும். மயக்கம் வந்தாலும் தோலு இழுத்தாலும் கிரேன்காரனுக்குச் சொல்லணும், அவ்வளவுதான். தெருவுக்குத் தெரு கேபிள் வயரு குறுக்கால போகும், கவட்டைக் குச்சியால அதைத் தூக்கி விடணும். ஒருக்கா கிரேன்காரன் வயரைப் பாக்கலைன்னு வண்டிக்கு முன்னால போய்க் கையை விரிச்சு நின்னுக்கிட்டா. ஊர்வலமே நின்னு போச்சு. எனக்கு மேல இருந்து மானம் போவுது. இன்னொருக்கா தேங்கா ஓடு கால்ல ஏறிடுச்சு. செருப்புப் போடக் கூடாதுங்களே. நாலு தையல் போட்டாங்க. அவ எப்பவும் அப்படித்தான், கீழ பாத்து நடக்க மாட்டா. அன்னிக்கு ஊட்டுக்கு வந்து, எனக்கு முதுகுக்கு வெந்நீ வெக்க ஆளில்லாமப் போச்சு.

வெரதமா? இருப்பாளுங்க. ஊட்டுல எனக்கு ஒரு சோறு, அவளுக்கு ஒரு சோறுன்னா ஆக்குவாங்க? நான் இருந்தா அவளும் இருந்துதானே ஆவணும். அதுக்குப் பேரு வெரதமா என்ன?

ஏம்மா, நீங்க போங்கம்மா. ரெண்டு பேரும் போங்க. எனக்கு அவசரமில்லை.

தை மாசம் கோயில் தர்மகர்த்தா ஊட்டுக்கு வந்தாரு. திண்டல் கவுண்டருன்னு பேரு, என்னைவிட வயசுல சின்னவரு. காப்பியைக் குடிச்சுப்போட்டு, 'குழந்தைவேலு, இந்த வருசம் மேல ஏறுவீங்கல்ல?'ன்னாரு. சார், பதினாலு வருசத்துல என்னைப் பாத்து ஒருத்தரும் கேக்காத கேள்வி அது. கேக்கற கேள்வியாங்க அது? டம்ளரை நங்குன்னு கீழ வெச்சேன். 'ஏறாம?'ன்னேன். உள்ள இருந்து பாவாயி வெளிய வந்தா. 'அவரு ஏறட்டுங்க. நான் இந்த வருசம் கீழ வரலை'ன்னா.

தர்மகர்த்தா முன்னால சொல்றா சார்! அவரு போனதும் சத்தம் போட்டேன். தட்டைத் தூக்கி எறிஞ்சேன். அவ பொறுக்கி வெச்சுப்போட்டு நிதானமாச் சொல்றா. 'நீங்க ஒருக்கா அந்தக் கம்பியில வாங்க. நான் அக்கட்ட நிக்கிறேன். நீங்க வந்துட்டா நான் கீழ நடக்கறேன். சாகற வரைக்கும் நடக்கறேன். வரலைன்னா நீங்களே தனியா ஏறிக்குங்க'ன்னா. எதுக்குன்னு கேட்டேன். 'நீங்க வர்றதை நான் எதுத்தாப்புல நின்னு பாக்கணும்'னா. இது என்ன பேச்சுங்க? பதினாலு வருசமாப் பாத்துக்கிட்டுத்தானே வர்றா? 'கீழ இருந்து பாத்தா உங்க வயிறும் தாடையும்தான் தெரியும்'ங்கறா.

எனக்கென்ன, ஆளா இல்லைன்னு என்ற தங்கச்சியைக் கூப்புட்டேன். வர்றேன்னா. சரி, ஒரு பழக்கத்துக்குன்னு பட்டறையில பெல்ட்டைக் கட்டிக் கிரேன்ல கொஞ்ச ஒசரம் தூக்கச் சொன்னேன். கொக்கி கிக்கி ஒண்ணுமில்லை, சும்மா பெல்ட்டு. தங்கச்சி கீழ நின்னா. நல்லாத்தான் நின்னா. ரெண்டு நிமிசத்துல 'அண்ணா, கழுத்து வலிக்குது'ன்னு குனிஞ்சுக்கிட்டா. அவ குனிஞ்சதும் பாருங்க, எனக்கு வேர்த்துக் கொட்டுது. எறக்கு எறக்குன்னு கத்திப்போட்டேன். பெல்ட்டு செரியில்லைங்க. அந்த வாரு ரொம்பப் பழசு.

அதுக்காக நான் வந்தேன்னு நெனைக்காதீங்க. அவ இல்லைன்னா என்னால ஏற முடியாதுன்னு எவனும் சொல்லிறக் கூடாது. அதுக்குத்தான் வந்தேன். இன்னிக்குக் கறி இல்லை, ஒரு மண்டலத்துல பாதி முடிஞ்சு போச்சு. காலையில குளிச்சு, திந்நீறு பூசி, பச்சைத் தண்ணி பல்லுல படாம வந்திருக்கேன். மடியில எலுமிச்சங்கனி இருக்குது, பாருங்க. தெக்குத் திசைக்கு ஜோசியகாரர்கிட்டப் பரிகாரம் கேட்டாச்சு. ஒரு கொறையும் வெக்கலை. ராகு காலம் மட்டும் போகணும்.

என்ன அம்மிணி? என்னது? மேகம் எறங்குதா? அது எறங்குனா என்ன, தை மாசத்துலயும் எறங்குது, சித்திரையிலயும் எறங்குது. இன்னும் ஒரு ஆளுதானா? பொறவு கம்பியை நிறுத்திருவீங்களா? ராகு காலம் முடியறதுக்கு இன்னும் நேரம் இருக்குதே அம்மிணி.

நிறுத்துனா நிறுத்தட்டும்ங்க. எனக்கென்ன. இன்னொரு நாளைக்கு வந்தாப் போச்சு. புதன்கெழமை வந்தா...

அவளை? அவளை ஜீப்புல கொண்டாந்து விட்டுருவாங்களாமா. அப்பத் தனியா ஜீப்புல வந்து எறங்குவா. நான் இந்தப் பெஞ்சுல உக்காந்திருப்பேன். எறங்கி எங்கிட்ட ஒண்ணும் கேக்க மாட்டா சார். அதான். கேட்டாத் திட்டலாம், சண்டை போடலாம். அவ கேக்க மாட்டா. பையை எடுத்துத் தோள்ல மாட்டிக்கிட்டு, 'வாங்க, பஸ்சு போயிரும்'பா.

இருங்க. அம்மிணி, இரு. நிறுத்தாத. நான் போறேன்.

ராகு காலமா? இருந்துட்டுப் போவுது. ராகு என்னை என்னத்தைப் பண்ணிருவான்? பதினாலு வருசம் தொங்குனவன் நான்.

சார், நீங்க கொஞ்சம் மேடை வரைக்கும் வாங்களேன். சும்மா, பேசிக்கிட்டே. படி வழுக்குது. ஆமா, இந்தக் கயித்தைப் புடிச்சுக்குங்க. இந்தக் கொக்கியை மாட்டு அம்மிணி. ரெண்டாவதையும் மாட்டு. இழுத்துப் பாரு. இன்னொருக்கா இழுத்துப் பாரு. நான் பயந்து சொல்லலை, நான் வெல்டர், எனக்கு எதையும் இழுத்துப் பாத்துத்தான் பழக்கம்.

கீழ பாக்கலை. நான் எப்பவும் கீழ பாக்கறதில்லீங்க. பாத்தா அவ மொகம் மட்டும்தான் பாப்பேன். இப்ப அக்கட்ட ஒண்ணுமே தெரியலையே. மஞ்சச் சீலை தெரியுதா உங்களுக்கு? மேகம் மூடிக்கிச்சா. நிக்கிறாளா போயிட்டாளான்னே தெரியலை. போயிருப்பா. இந்நேரம் ஜீப்புல ஏறியிருப்பா. எம்மேல எப்ப நம்பிக்கை இருந்துச்சு அவளுக்கு.

சார், ஒரு ஒதவி பண்ணுங்க. நீங்க கோயிலுக்கெல்லாம் போவீங்கதானே? 'வேல் வேல்'னு ஒரு சத்தம் குடுங்க. எனக்கில்லை, சாமிக்கு. கிரேன் தூக்கறப்பக் கீழ இருந்து அந்தச் சத்தம் வரணும். அது வழக்கம்.

அது பத்தாதுங்க. நல்லாத் தொண்டையைத் தொறந்து. ம். செரி விடுங்க, உங்க மேல தப்பில்லை. அதுக்கு ஒரு கொரலு இருக்குது.

என்ன சத்தம் அது?

இருங்க, பேசாதீங்க. கேட்டுச்சா உங்களுக்கு? பள்ளத்துக்கு அக்கட்ட இருந்து. அவதான் சார். பாவாயிதான். 'வேல் வேல்'ங்கறா. அந்த மேகத்துக்குள்ள நின்னுக்கிட்டுக் கத்தறா. எத்தனை பேரு வேடிக்கை பாப்பாங்க, ஒரு வெக்கமிருக்குதா பாருங்க அவளுக்கு!

மறுக்காவும் கத்தறா. கூப்புட்டா பதில் சொல்லணும்ங்க, 'வெற்றிவேல்'னு. மத்தவங்கதான் சொல்லுவாங்க. நான் ஒருநாளும் சொன்னதில்லை. பறவைக் காவடியில கன்னத்துல அலகு குத்தியிருப்பாங்க, வாயைத் தொறக்க முடியாது. பதினாலு வருசமா அவ கீழ இருந்து கூப்புடுவா, நான் மேல இருந்து கேட்டுக்கிட்டே போவேன். ஒருக்காகூடப் பதில் சொன்னதில்லை.

இன்னிக்கு வாயில ஒண்ணுமில்லையே.

தள்ளிக்குங்க சார்.

வெற்றிவேல்! ஏ பாவாயி! வெற்றிவேல்!

அம்மிணி, கையை எடு. தள்ளாத. நானே போறேன்.